ஜாடியா, ஃப்ரீசரா? தெற்கு ஜார்ஜியா வீட்டில் கோடை விளைச்சலை எடுத்துவைக்கும் வழிகள்

அமெரிக்காவின் தெற்கு ஜார்ஜியாவில் வீட்டுத் தோட்டம் போட்டவர்களுக்கு ஜூன் நடுவிலிருந்து ஜூலை முடியும்வரை ஓய்வு கிடையாது. பீன்ஸ் முடிவதற்குள் தக்காளி பழுக்கத் தொடங்கிவிடும். தக்காளியைப் பறித்துக்கொண்டிருக்கும்போதே மக்காச்சோளம் முற்றிவிடும். அதைச் சில நாள் தள்ளிப்போட்டால் இனிப்பு போய் மாவாகிவிடும். தட்டைப்பயறு காய்கள் ஊதா நிறமேறித் தொங்கும். வெண்டையைப் பறிக்காமல் விட்டால் இரண்டே நாளில் நார் ஏறிவிடும். அத்திப்பழத்துக்குப் பறவைகளோடு போட்டி போட வேண்டும். இத்தனையையும் அன்றன்றைக்குச் சமைத்துத் தீர்க்க எந்தக் குடும்பத்தாலும் முடியாது. மிச்சத்தைக் குளிர்காலத்துக்கு எடுத்துவைக்கத்தான் வேண்டும்.

அட்லாண்டாவை விட்டுத் தள்ளிப் போய் ஓரிரு ஏக்கர் வாங்கும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: காயை ஜாடியில் அடைத்து நீராவி அழுத்தத்தில் சூடாக்கும் பிரஷர் கேனர் வாங்குவதா, பெரிய ஃப்ரீசர் வாங்குவதா? சிலர் மூன்றாவதாக ஒன்றும் கேட்பார்கள், இத்தனை வெயில் அடிக்கிறதே, வற்றல் போட்டால் என்ன என்று. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் எந்தக் கருவியையும் பார்ப்பதற்கு முன்னால் ஜனவரி மாதத்தில் உங்கள் வீட்டு அடுப்பில் என்ன வேகும் என்பதை முடிவுசெய்யுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வந்தால் பாதிக் குழப்பம் தானாகவே தீர்ந்துவிடும்.

இந்தப் பக்கத்துக் கிராமத்து வீடுகளில் குளிர்கால இரவுச் சாப்பாடு அதிகம் மாறுவதில்லை. வார்ப்பிரும்புச் சட்டியில் சுட்ட கார்ன்பிரெட், ஒரு பானை தட்டைப்பயறு அல்லது பட்டர் பீன்ஸ், பன்றிக் கால்மூட்டு போட்டு நெடுநேரம் வேகவைத்த பச்சை பீன்ஸ், காலர்ட் கீரை, வெண்டையும் தக்காளியும் சேர்த்து வதக்கியது, மக்காச்சோள மணிகளைப் பால்போல் சுரண்டிச் செய்த கிரீம் கார்ன், ஒரு சர்க்கரைவள்ளிக்கிழங்கு. பக்கத்தில் காரசாரமான சௌசௌ. நம் ஊர்க் காய் அல்ல, முட்டைக்கோஸ், பச்சைத் தக்காளி, மிளகாய் எல்லாம் வினிகரில் ஊறிய ஊறுகாய்க்கு இங்கே அதுதான் பெயர். இறைச்சி எப்போதும் இருக்க வேண்டும் என்பதில்லை. காய்கறி மட்டுமே உள்ள தட்டும் இங்கே முழுச் சாப்பாடுதான். தட்டைப்பயறும் வெண்டையும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களோடு இந்த மண்ணுக்கு வந்தவை. நாம் காராமணி என்று சொல்லும் அதே பயறுதான் இங்கே புத்தாண்டு அன்று அதிர்ஷ்டத்துக்காகச் சமைக்கப்படுகிறது. ஆகவே இந்தத் தோட்டத்தில் தமிழ்ச் சமையலறைக்கு அந்நியமானது மிகக் குறைவு.

முதலில் எளிதானதை முடித்துவிடலாம். தக்காளி, அத்திப்பழ ஜாம், வினிகர் ஊறுகாய்கள், மஸ்கடைன் திராட்சை ஜெல்லி. இவற்றுக்கு கொதிநீர் முறையே போதும். சுத்தமான மேசன் ஜாடியில் நிரப்பி, மூடி போட்டு, ஜாடி முழுவதும் முங்கும் அளவு தண்ணீரில் குறிப்பிட்ட நேரம் கொதிக்கவிட வேண்டும். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி மூடி இறுகிக்கொள்ளும். ஆழமான பானையும் அடியில் வைக்க ஒரு தட்டும் இருந்தால் நாளைக்கே தொடங்கிவிடலாம். ஜான் மேசன் திருகு மூடி ஜாடிக்குக் காப்புரிமை வாங்கியது 1858ல். அன்றிலிருந்து ஜாடியின் வடிவம் பெரிதாக மாறவில்லை.

தக்காளியில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அது புளிப்பு என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதன் அமிலத்தன்மை, கொதிநீர் முறைக்குப் போதுமான புளிப்பின் எல்லைக்கோடான பிஎச் 4.6 ஐ ஒட்டியே நிற்கிறது. சில பழங்கள் அந்தக் கோட்டைத் தாண்டியும் விடும். அதனால் குவார்ட் ஜாடி ஒன்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கட்டாயம் சேர்க்க வேண்டும். அதுவும் கடையில் பாட்டிலில் விற்கும் சாறுதான், ஏனென்றால் அதன் புளிப்பு எப்போதும் ஒரே அளவில் இருக்கும். பழத்தைப் பிழிந்தால் பழத்துக்குப் பழம் மாறும். அல்லது அரைத் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம். நசுக்கிய தக்காளி குவார்ட் ஜாடியில் 45 நிமிடம் கொதிக்க வேண்டும், கடல்மட்டத்திலிருந்து 1,000 அடி உயரம்வரை. ஒரு குவார்ட் என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர். இதில் தக்காளிக்கு ஃப்ரீசரை நான் பரிந்துரைப்பதே இல்லை. ரசத்துக்கும் குழம்புக்கும் ஜாடித் தக்காளி அவ்வளவு வசதி, ஃப்ரீசர் இடமும் மிச்சம்.

இனிமேல்தான் உண்மையான போட்டி: பீன்ஸ், பயறு, வெண்டை, மக்காச்சோளம். இவற்றில் புளிப்பே கிடையாது.

புளிப்பில்லாத காயை ஜாடியில் அடைக்கும்போது கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாதான் கவலை. அதன் வித்துகள் மண்ணில் எங்கும் உண்டு. பச்சையாகச் சாப்பிடும்போது ஒன்றும் செய்யாது. ஆனால் காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமான ஜாடிக்குள் அறை வெப்பத்தில் அதற்கு எல்லா வசதியும் கிடைத்துவிடும். அங்கே முளைத்து அது உண்டாக்கும் நஞ்சு நரம்புகளை முடக்கி மூச்சையே நிறுத்தக்கூடியது. வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. எத்தனை மணி நேரம் கொதிக்கவைத்தாலும் அதை நம்ப முடியாது. 240 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 116 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டை அழுத்தத்தில் உள்ள நீராவி மட்டுமே தரும். 2015 ஏப்ரலில் ஓஹையோவின் லங்காஸ்டரில் ஒரு தேவாலய விருந்தில் 29 பேருக்கு இந்த நஞ்சு ஏறி ஒருவர் இறந்தார். வீட்டில் கொதிநீர் முறையில் அடைத்த உருளைக்கிழங்கில் செய்த சாலட்தான் காரணம். "எங்கள் பாட்டி மூன்று மணி நேரம் கொதிக்கவைத்துத்தான் பீன்ஸ் அடைத்தார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்று இங்கே பல வீடுகளில் சொல்வார்கள். அன்போடு கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள்.

தமிழ் வீடுகளில் உடனே வரும் யோசனை, நம்மிடம்தான் குக்கர் இருக்கிறதே என்பது. அது உதவாது. சோதிக்கப்பட்ட நேரங்கள் எல்லாம் குறைந்தது நான்கு குவார்ட் ஜாடிகளை நிமிர்த்தி வைக்கக்கூடிய பெரிய கேனருக்குக் கணக்கிட்டவை. பெரிய பாத்திரம் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். அந்தச் சூடேறும் நேரமும் ஆறும் நேரமும் சேர்ந்துதான் வித்துகளைக் கொல்கின்றன. சின்னக் குக்கர் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கிவிடும். மின்சாரக் குக்கர்களுக்கும் இதே கதைதான். விசில் எண்ணிச் சமைக்கும் பழக்கம் பருப்புக்குச் சரி, ஜாடிக்கு ஆகாது.

பிரஷர் கேனரில் வேலை செய்வது உண்மையில் எப்படி இருக்கும்? ஏழு குவார்ட் பச்சை பீன்ஸுக்கு சுமார் 14 பவுண்டு காய் வேண்டும். நார் உரித்து ஒடிப்பதற்கு நான்கு கைகள் இருந்தால் நல்லது. ஜாடியில் நிரப்பி, கேனரில் சில அங்குலத் தண்ணீர் விட்டு, மூடியைப் பூட்டி, முதலில் பத்து நிமிடம் நீராவியை வெளியே விட வேண்டும். உள்ளே காற்று தங்கினால் அழுத்தம் காட்டும், சூடு வராது. அதன் பிறகு மூடியின் நீராவித் துளைமேல் எடைக்கல்லை வைத்து 10 பவுண்டு அழுத்தம் வந்ததும் கணக்குத் தொடங்குகிறது: அரைக் குவார்ட் கொள்ளும் பைண்ட் ஜாடிக்கு 20 நிமிடம், குவார்ட்டுக்கு 25. அப்புறம் தானாகவே ஆற விட வேண்டும், அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது. ஒரு ஈடு முடிய இரண்டு மணி நேரம் போய்விடும். உயரமும் முக்கியம். அட்லாண்டாவைச் சுற்றிப் பல இடங்கள் 1,000 அடிக்கு மேல் இருப்பதால் அங்கே எடைக்கல் கேனரில் 15 பவுண்டு வைக்க வேண்டும். தெற்கே வால்டோஸ்டா பக்கம் 10 போதும். முகவரியை வைத்து உயரத்தைத் தெரிந்துகொண்ட பிறகே தொடங்குங்கள்.

ஜூலை மாதத்தில் இந்த வேலை வீட்டையே கொதிகலனாக்கிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். வெளியே வெயில், உள்ளே நீராவி, ஏசி இரைந்துகொண்டே இருக்கும். பழைய பண்ணை வீடுகள் சிலவற்றில் சமையலறை தனிக் கட்டடமாக இருந்ததன் அருமை அப்போது புரியும்.

ஃப்ரீசரில் வேலை இதில் கால்பங்குகூட இல்லை. காயைக் கொதிநீரில் சில நிமிடம் முக்கி எடுத்து, ஐஸ் தண்ணீரில் போட்டு, வடித்து, பையில் காற்று இல்லாமல் அடைத்தால் முடிந்தது. தட்டைப்பயறுக்கு இரண்டு நிமிடம், பச்சை பீன்ஸுக்கு மூன்று, சின்ன வெண்டைக்கு மூன்று, பெரியதற்கு நான்கு, காலர்ட் கீரைக்கு மூன்று. இந்த முக்கலைத் தவிர்க்கக் கூடாது. உறைந்த பிறகும் காயில் உள்ள நொதிகள் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். மூன்று மாதத்தில் வைக்கோல் வாசனை வந்துவிடும். பாட்டுலினம் பயம் இங்கே இல்லை, ஏனென்றால் பூஜ்யம் டிகிரி ஃபாரன்ஹீட்டில் எதுவும் வளராது.

ஆயுளைப் பொறுத்தவரை பலரும் தவறாக நினைக்கிறார்கள். ஜாடி பல வருடம் நிற்கும், ஃப்ரீசர் சில மாதம்தான் என்று. சுவையும் சத்தும் நன்றாக இருக்கும் காலம் ஜாடிக்கு ஏறக்குறைய ஒரு வருடம், ஃப்ரீசர் காய்களுக்கு 8 முதல் 12 மாதம். இரண்டுமே அடுத்த ஜூலைவரைதான். அதற்குமேல் சேர்த்துவைப்பது அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான்.

அப்படியானால் ஃப்ரீசரே போதுமே? கிராமத்தில் மின்சாரம் நின்றுவிட்டால்?

இந்த மண்ணில் மின்சாரத்தின் கதை சற்று நீண்டது. ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸில் வீடு வைத்திருந்த அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், அங்கே வந்த முதல் மின்கட்டண ரசீதில் யூனிட்டுக்கு 18 சென்ட் போட்டிருந்ததாகவும், அது நியூயார்க்கில் தன் சொந்த ஊர் ஹைட் பார்க்கில் கொடுத்ததைப்போல் நான்கு மடங்கு என்றும் 1938ல் பார்ன்ஸ்வில் கூட்டத்தில் சொன்னார். கிராம மின்மயமாக்கல் எண்ணம் தனக்கு அங்கேதான் உதித்தது என்றார். 1935ல் அதற்கான அமைப்பு உருவானபோது அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. அதன் பிறகு விவசாயிகள் கூட்டுறவுகளாகச் சேர்ந்து கம்பி இழுத்தார்கள். இன்றும் கிராமப்புற ஜார்ஜியாவின் பெரும்பகுதிக்கு அந்தக் கூட்டுறவுகள்தான் மின்சாரம் தருகின்றன. கம்பிகள் நீளமானவை, பைன் மரங்களுக்கு நடுவே போகின்றன, ஒரு மைலுக்குச் சில வீடுகளே. புயல் வந்தால் கடைசி வீட்டுக்கு வெளிச்சம் திரும்ப நாளாகும்.

2018 அக்டோபரில் மைக்கேல் புயல் ஃபுளோரிடா கரையைத் தாக்கி, வலு ஓரளவு குறைந்தும் பெரும் புயலாகவே தென்மேற்கு ஜார்ஜியாவுக்குள் புகுந்து பெக்கான் தோப்புகளை வேரோடு சாய்த்தது. 2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் வால்டோஸ்டா தொடங்கி அகஸ்டாவரை கிழித்துக்கொண்டு போனது. ஒரு வாரத்துக்குமேல் மின்சாரம் இல்லாமல் கிடந்த வீடுகள் ஏராளம். நிரம்பிய ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்தால் சுமார் 48 மணி நேரம் உறைநிலை நிற்கும், பாதி நிரம்பியதில் 24. அதற்குமேல் ஜெனரேட்டர் இருந்தால்தான் தப்பிக்கலாம். இந்த இரண்டு புயல்களும் வந்த மாதங்களைக் கவனியுங்கள். தோட்டத்து உழைப்பு முழுவதும் உள்ளே போய், ஃப்ரீசர் நிரம்பி வழியும் காலம் அது.

இன்னொன்றும் உண்டு. கிராமத்து வீட்டில் தண்ணீர் பெரும்பாலும் சொந்த ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது. மின்சாரம் போனால் மோட்டாரும் நின்றுவிடும். அந்த நாட்களில் அலமாரியில் இருக்கும் பீன்ஸ் ஜாடிக்கு இருக்கும் மதிப்பே தனி. கேஸ் அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் போதும், கழுவ வேண்டாம், வேகவைக்கத் தனித் தண்ணீர் வேண்டாம்.

சரி, ஒவ்வொரு காயாக என் முடிவைச் சொல்கிறேன்.

பச்சை பீன்ஸ் ஜாடிக்கே. தெற்கத்திச் சமையலில் பீன்ஸ் மொறுமொறுப்பாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. குழைய வெந்து, இறைச்சிக் கொழுப்பின் உப்பு ஏறி, சாறோடு சேர்ந்து வர வேண்டும். ஜாடியில் அடைத்த பீன்ஸ் அந்தப் பதத்துக்கு ஏற்கெனவே பாதி வந்துவிட்டது. ஃப்ரீசர் பீன்ஸ் இந்தச் சமையலில் சற்று ரப்பராகத் தெரியும். ஆனால் நீங்கள் வாரம்தோறும் தேங்காய் போட்டுப் பீன்ஸ் பொரியல் செய்பவர் என்றால் கதை தலைகீழ்: ஜாடி பீன்ஸ் சட்டியில் கூழாகிவிடும், ஃப்ரீசர்தான் உங்களுக்கு.

தட்டைப்பயறும் பட்டர் பீன்ஸும் ஃப்ரீசருக்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முற்றிக் காய்வதற்கு முன் பச்சையாக உரித்த பயறின் மண்வாசனையும் இளம் இனிப்பும் உறைந்த பிறகும் அப்படியே இருக்கும். பிங்க்-ஐ, கிரவுடர், லேடி பீஸ் என்று இங்கே ரகங்கள் பல; ஒவ்வொன்றின் சுவையும் வேறு. பட்டர் பீன்ஸை ஜாடியில் அடைக்க பைண்ட்டுக்கு 40 நிமிடம் அழுத்தத்தில் வேக வேண்டும், அந்த வேறுபாடெல்லாம் கரைந்துபோகும். இரண்டு நிமிடம் முக்கி எடுத்து உறையவைத்த பயறு ஜனவரியில் கத்தரிக்காயோடு புளிக்குழம்பிலும் அற்புதமாக இருக்கிறது. மொச்சைக்குப் பழகிய நாக்கு பட்டர் பீன்ஸை உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

மக்காச்சோளத்துக்கு ஜாடி வேண்டாம். குவார்ட்டுக்கு 85 நிமிடம் அழுத்தத்தில் இருக்க வேண்டும், பைண்ட்டுக்கே 55. சில்வர் குயீன் போன்ற வெள்ளைச் சோளம் அதில் பழுப்பேறிவிடும். கதிரோடு நான்கு நிமிடம் முக்கி, ஆறவைத்து, கத்தியால் மணிகளைச் சீவி, கதிரைச் சுரண்டிப் பாலையும் எடுத்து உறையவையுங்கள்.

வெண்டைக்கும் ஃப்ரீசர்தான் நல்லது, ஒரு விலக்கோடு. தக்காளியோடு வதக்கவும், கம்போ குழம்பில் போடவும், சாம்பாரில் போடவும் முழுதாக முக்கி உறையவைத்தது போதும். நம் வீட்டில் மொறுமொறு வெண்டை வறுவல் ஆசை இருந்தால், முக்கி எடுத்த வெண்டையை நறுக்கி, இங்கத்தியவர்கள்போல் சோளமாவில் புரட்டி, தட்டில் பரப்பி உறையவைத்த பிறகு பையில் போடுங்கள். எண்ணெயில் நேராகப் போடலாம். விலக்கு என்னவென்றால் ஊறுகாய்: பூண்டு, மிளகாய் போட்ட வினிகர் வெண்டை கொதிநீர் முறையில் ஜாடிக்குப் போகலாம். சுவை அபாரம்.

மஞ்சள் ஸ்குவாஷ் என்ற பூசணி வகைக் காயைப் பிரஷர் கேனரில் அடைக்கவே கூடாது. சோதித்து உறுதிசெய்த நேரம் அதற்கு இல்லை. முன்பு வெளியிட்ட பரிந்துரையை அமெரிக்க வேளாண் துறையே திரும்பப் பெற்றுவிட்டது. உறையவைத்தாலும் சொதசொதவென்று ஆகிவிடும், கேசரோலுக்குப் பரவாயில்லை. பறித்தவுடன் வெங்காயத்தோடு வதக்கிச் சாப்பிட்டுத் தீர்ப்பதும், மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கொடுப்பதுமே சரி.

காலர்ட் கீரையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். தெற்கு ஜார்ஜியாவின் குளிர்காலத்தில் அது தோட்டத்திலேயே நிற்கும். பனி பட்டால் இன்னும் இனிக்கும். சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கும் கருவி தேவையில்லை. தோண்டியதும் சுமார் 85 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டிலும் நல்ல ஈரப்பதத்திலும் ஒரு வாரம் வைத்தால் கீறல்கள் ஆறித் தோல் தடிக்கும். பிறகு 55 முதல் 60 டிகிரி உள்ள இருட்டு மூலையில் மாதக்கணக்கில் கிடக்கும். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், நடுப்பகுதி வேகாமல் கட்டையாகிவிடும்.

வற்றல் கேள்விக்கு வருவோம். வெயிலில் காயவைக்க 85 டிகிரிக்குமேல் சூடும் 60 சதவீதத்துக்குக் கீழே ஈரப்பதமும் வேண்டும். சூடு இங்கே தாராளம், ஈரப்பதம்தான் கெடுக்கிறது. தெற்கு ஜார்ஜியாவின் ஜூலைக் காற்று துணியையே காயவிடாது. சுண்டைக்காயும் மிளகாயும் காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். மதுரையின் மொட்டைமாடியை இங்கே எதிர்பார்க்க முடியாது. அப்பலாச்சிய மலைப்பகுதிகளில் பீன்ஸை ஊசிநூலில் கோத்துத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டுக் காயவைக்கும் வழக்கம் இருந்தது. பன்றி இறைச்சியோடு மணிக்கணக்கில் வேகவைத்துச் சாப்பிடுவார்கள். அது மலைக்காற்றுக்குச் சரி. சமவெளியில் மின்சார உலர்த்தி ஒன்று வாங்கினால் மிளகாய், வெண்டை, மூலிகைகளுக்கு நன்றாகவே உதவும். ஆனால் ஒரு குடும்பத்தின் குளிர்காலத்தை அதை நம்பி ஓட்ட முடியாது.

பலர் மறந்துவிடும் இன்னொரு வழி பொதுக் கேனிங் கூடம். ஜார்ஜியாவில் சில மாவட்டங்களில் உயர்நிலைப் பள்ளியின் விவசாய ஆசிரியர்கள் நடத்தும் கூடங்கள் இன்னும் இருக்கின்றன. உங்கள் காயைக் கொண்டுபோனால் பெரிய நீராவிப் பாத்திரங்களில், தெரிந்தவர் மேற்பார்வையில் அடைத்துக்கொண்டு வரலாம். பள்ளி விடுமுறையில்தான் பெரும்பாலும் திறந்திருக்கும். பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தால் முதல் வருடம் கேனரே வாங்காதீர்கள். அங்கே இரண்டு மூன்று தலைமுறைப் பெண்கள் பக்கத்தில் நின்று பீன்ஸ் ஒடிப்பார்கள். அந்த ஒரு காலையில் கற்றுக்கொள்வது வீட்டில் தனியாகக் கையேடு பார்த்துச் செய்வதில் வராது. இந்தக் கல்விக்கு நல்ல வரலாறும் உண்டு. 1910ல் தென் கரோலினாவின் ஐக்கனில் மேரி குரோமர் என்ற ஆசிரியை பள்ளிச் சிறுமிகளுக்கு ஆளுக்குப் பத்தில் ஒரு ஏக்கர் தக்காளி நடவைத்து, அதை அடைத்து விற்கக் கற்றுக்கொடுத்தார். அந்தத் தக்காளிச் சங்கங்கள் தெற்கு முழுவதும் பரவின. 1914ல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம் விவசாய விரிவாக்கப் பணியை நாடு முழுவதும் நிலைநிறுத்தியது. வீட்டில் உணவைப் பாதுகாப்பதற்கான தேசிய மையம் இன்று ஏதென்ஸில் உள்ள ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. நான் மேலே சொன்ன நேரங்கள் அந்த மையமும் வேளாண் துறையும் பரிந்துரைப்பவை.

கருவி வாங்கும் வரிசையைத் தீர்மானிக்க மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன். முதலாவது, வீட்டில் மான் வேட்டைக்குப் போகிறவர் உண்டா? இலையுதிர் காலத்தில் ஒரு மான் வந்தால் ஃப்ரீசரில் பாதி போய்விடும். ஜூலையிலேயே அதைப் பீன்ஸால் நிரப்பியவர்கள் நவம்பரில் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். மான் இறைச்சித் துண்டுகளை ஜாடியிலும் அடைக்கலாம், குவார்ட்டுக்கு 90 நிமிடம். வேட்டை வீட்டுக்கு அதனால் பிரஷர் கேனர் இருமடங்கு பயன். இரண்டாவது, மின்சாரம் போனால் உங்களால் எத்தனை நாள் சமாளிக்க முடியும்? மூன்றாவது, வீட்டில் எத்தனை பேர்? இருவர் மட்டும் என்றால் குவார்ட் ஜாடியைத் திறந்து தீர்ப்பதே பாடு. ஃப்ரீசர் பையிலிருந்து ஒரு கை அள்ளிப் போடுவது எளிது.

என் பரிந்துரை இது. முதல் வருடம் மேலிருந்து திறக்கும் நடுத்தர அளவுப் பெட்டி ஃப்ரீசரும், கொதிநீர் முறைக்கு ஒரு பெரிய பானையும். நிமிர்ந்து நிற்கும் கதவு வைத்த ஃப்ரீசரைவிடப் பெட்டி ஃப்ரீசர் மின்தடையில் அதிக நேரம் குளிர் காக்கும். மிகப் பெரியதை வாங்காதீர்கள். இடம் இருந்தால் நிரப்பத் தோன்றும், இழப்பும் அந்த அளவுக்குப் பெரிதாகும். இரண்டாவது வருடம், குடும்பத்துக்குப் பீன்ஸ் இப்படித்தான் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு பிரஷர் கேனர். ஆனால் புயல் பாதையில், நெடுஞ்சாலையிலிருந்து தள்ளி, குழந்தைகளோடு இருக்கும் வீடு என்றால் காத்திருக்க வேண்டாம், முதல் வருடமே இரண்டும் வாங்கிவிடுங்கள். ஃப்ரீசரில் இருப்பது சுவைக்காக, ஜாடியில் இருப்பது மின்சாரம் இல்லாத பத்து நாளுக்காக என்று பிரித்து வைத்துக்கொண்டால் எதை எவ்வளவு அடைப்பது என்பது தெளிவாகிவிடும்.

கேனர் வாங்குவதாக இருந்தால் ஏப்ரலிலேயே வாங்குங்கள். முள் காட்டும் அளவுமானி வைத்தது என்றால் வருடம் ஒருமுறை அதைச் சரிபார்க்க வேண்டும். பல மாவட்ட விரிவாக்க அலுவலகங்களில் பார்த்துத் தருவார்கள். எடைக்கல் மாதிரிக்கு இந்தத் தொல்லை இல்லை, புதியவர்களுக்கு அதையே சொல்வேன். கண்ணாடி அடுப்பு வைத்திருப்பவர்கள் அது அந்தக் கனத்தைத் தாங்குமா என்று அடுப்பின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். மூடிகளையும் அப்போதே எடுத்துவையுங்கள். மூடியை இறுக்கும் வளையத்தைத் திரும்பப் பயன்படுத்தலாம், தட்டை மூடி ஒருமுறைக்குத்தான். 2020 கோடையில் நாடே தோட்டம் போட இறங்கியபோது ஜாடி இருந்தும் மூடி கிடைக்காமல் காய்கள் வீணாயின. மே மாதத்தில் ஒருநாள் உள்ளே வெறும் தண்ணீர் மட்டும் வைத்து கேனரை ஓட்டிப் பாருங்கள். எடைக்கல் ஆடும் சத்தம் எப்படி இருக்கும், உங்கள் அடுப்பில் தீயை எங்கே வைத்தால் அழுத்தம் நிலையாக நிற்கும் என்பதெல்லாம் பீன்ஸ் பறிப்பதற்கு முன்பே கைக்கு வந்துவிடும்.